டைவ் படகு புக்கிங், கேன்சல், ரீஃபண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹேவ்லாக், புதுச்சேரி, திருகோணமலை ஆகிய மூன்று இடங்களில் ஸ்கூபா டைவுக்குப் படகு புக் செய்பவர்களுக்கான பக்கம் இது. மூன்றும் வங்கக் கடல் வட்டாரம்தான். ஆனால் மூன்றிலும் காற்று வேறு, கடல் கெடும் மாதம் வேறு. அதனால் கேன்சல் ஆகும் விதமும் வேறு.

எந்த மாதத்தில் புக் செய்தால் கேன்சல் ஆகும் வாய்ப்பு குறைவு?

ஹேவ்லாக் (2018 முதல் அரசுப் பெயர் ஸ்வராஜ் தீவு): ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் நல்லபடி இருக்கும். மே மூன்றாவது வாரவாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தமானைத் தொடும். அதன்பின் செப்டம்பர் வரை புக் செய்தால், மூன்று நாளில் ஒரு நாள் படகு கிளம்பினாலும் லாபம் என்ற மனநிலையோடு போக வேண்டும்.

புதுச்சேரியில் கதை தலைகீழ். தென்மேற்குக் காற்று அங்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் ஜூலையில்கூடக் காலை வேளையில் கடல் அடங்கியிருக்கும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வாடைக் காற்று நேராகக் கரையில் மோதும், ஆற்று வண்டலும் கடலில் கலக்கும். அப்போது படகு போனாலும் நீருக்கடியில் கை நீட்டினால் விரல் தெரியாது.

திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா ஆகியவற்றுக்கு மே முதல் செப்டம்பர் வரை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் மதியத்துக்குமேல் கடல் கொதிக்கும் என்பதால் அங்கே காலைப் படகையே கேளுங்கள். இலங்கைக்கு ஒரு வசதி உண்டு. கிழக்கு மூடியிருக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கிலும் தெற்கிலும் ஹிக்கடுவை, உனவட்டுன, நீர்கொழும்பு திறந்திருக்கும். டிக்கெட் எடுத்துவிட்டீர்கள், மாதத்தை மாற்ற முடியாது என்றால் கரையை மாற்றுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேல் புயல் இருக்கிறது. ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் இரண்டும் வங்கக் கடலின் புயல் காலம். 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பின்னர் வர்தா புயலாக மாறிய தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் வந்துதான் அவர்களைக் கொண்டுபோயின. டிசம்பர் ஹேவ்லாக்கில் கூட்டம் மிகுந்த மாதம் என்பதை மறக்க வேண்டாம். கூட்டம் வருவது பள்ளி விடுமுறையைப் பார்த்து. வானிலைக்கு அது தெரியாது.

டைவுக்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு நாள் டைவ் வேண்டுமென்றால் தீவில் மூன்று டைவ் நாட்கள் கையில் இருக்க வேண்டும். அந்த உபரி நாள்தான் உங்களுடைய உண்மையான இன்சூரன்ஸ். ஹேவ்லாக்குக்கு இப்படிப் போடுங்கள்: முதல் நாள் சென்னையிலிருந்து விமானம், அன்றே அல்லது மறுநாள் காலை ஃபெர்ரி. தீவில் இறங்கிய மறுநாளே டைவ். அதற்கடுத்த நாள் இரண்டாவது டைவ் நாள். மூன்றாவது டைவ் நாள் காலி. ராதாநகர் கடற்கரை, கயாக், கடைவீதி எல்லாம் அந்தக் காலி நாளுக்கு. முதல் டைவ் நாள் கேன்சலானால் டைவ் அங்கே நகரும், கடற்கரை முன்னே வரும்.

பலர் செய்வது இதற்கு நேரெதிர். முதலில் ஊர் சுற்றல், கடைசி நாள் டைவ். அந்தக் கடைசி நாள் கேன்சலானால் தள்ளிப்போட நாளே கிடையாது. கேன்சலாகாமல் போனாலும் விமானச் சிக்கல் வரும்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், இரண்டு அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும் என்பது டைவர் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. பெரும்பாலான டைவ் சென்டர்கள் 24 மணி நேரம் என்றே சொல்லும், அதைக் கேட்பது நல்லது.

திருகோணமலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் டைவ் முடித்து மாலையில் நுவரெலியாவுக்கு வண்டி ஏறும் திட்டம் பல டூர் பேக்கேஜ்களில் இருக்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். டைவில் உடலில் கரைந்த நைட்ரஜன் உயரத்துக்குப் போனால் குமிழியாகும்; அதற்கு விமானமும் மலையும் ஒன்றுதான். அந்த நாளை மாற்றச் சொல்லுங்கள்.

புக் செய்யும்போது எதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும்?

போனில் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்வது கெட்ட எண்ணத்தில் அல்ல. ஆனால் கடல் கெட்ட காலையில் கவுன்ட்டரில் இருப்பவர் வேறு ஆளாக இருப்பார். கீழே உள்ளதுபோல ஒரே மெசேஜாக வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பி, பதில் வந்தபின் பணம் கட்டுங்கள்:

"வணக்கம். பிப்ரவரி 11, 12 இரண்டு நாளும் காலைப் படகில் இரண்டு பேருக்கு இடம் வேண்டும். இருவரும் ஓப்பன் வாட்டர் கார்டு (அடிப்படை டைவ் பயிற்சிச் சான்று) வைத்திருக்கிறோம், கடைசி டைவ் 14 மாதம் முன்பு. சில விஷயங்களை உறுதி செய்யுங்கள். வானிலையால் நீங்கள் கேன்சல் செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்றம் மட்டுமா? முடிவை எத்தனை மணிக்குச் சொல்வீர்கள்? ஒரு டைவ் முடிந்து திரும்பினால் எவ்வளவு கழியும்? படகு போகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? நாங்கள் கேன்சல் செய்தால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும்? விலையில் கருவி வாடகை, வரி, கேமரா எல்லாம் சேர்ந்ததா?"

கடைசி டைவ் எப்போது என்பதை நீங்களாகவே சொல்வது முக்கியம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று இடைவெளி இருந்தால் பல சென்டர்கள் முதலில் ரெஃப்ரெஷர், அதாவது பயிற்சியை ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்லும். அதைப் படகடியில் வைத்துத் தெரிந்துகொண்டால் அன்றைய காலை போச்சு. அது உங்கள் கேன்சலாகத்தான் எழுதப்படும்.

அட்வான்ஸ் எவ்வளவு கட்டலாம்?

கால் பங்கிலிருந்து பாதி வரை நியாயம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் அதற்கேற்ற ரீஃபண்ட் விதி எழுத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் அட்வான்ஸை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்க அதில் வழி உண்டு. ஒருவருடைய சொந்த நம்பருக்கு யுபிஐயில் போட்ட பணத்தை வங்கி வழியாக மீட்பது கடினம். யுபிஐதான் என்றால் கடையின் பெயரில் உள்ள வணிகக் கணக்குக்கே அனுப்பி, குறிப்பில் தேதியையும் "டைவ் அட்வான்ஸ்" என்பதையும் எழுதுங்கள்.

படகு போகுமா போகாதா என்று எப்போது தெரியும்?

நான்கு கட்டங்கள் உண்டு. முந்தைய நாள் மாலை, முன்னறிவிப்பைப் பார்த்து முதல் முடிவு. விடியற்காலை, கரையில் நின்று காற்றைப் பார்த்து இரண்டாவது. முகத்துவாரத்தையோ திட்டையோ தாண்டியதும் படகோட்டி எடுப்பது மூன்றாவது. டைவ் இடத்துக்குப் போய், ஒருவர் தண்ணீரில் இறங்கி நீரோட்டம் பார்த்தபின் எடுப்பது நான்காவது.

முதல் இரண்டில் நின்றால் கடைக்கு டீசல் செலவு இல்லை, முழு ரீஃபண்ட் சுலபமாக வரும். தகராறெல்லாம் மூன்றிலும் நான்கிலும்தான். டீசல் எரிந்துவிட்டது, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், நீங்களோ நனையவே இல்லை. ஆகவே "புறப்பட்டபின் டைவ் இல்லாமல் திரும்பினால் என்ன" என்பதை மேலே உள்ள மெசேஜில் தனிக் கேள்வியாகவே சேர்க்கலாம். நல்ல சென்டர்கள் அப்போதும் முழுதாகத் தருவார்கள் அல்லது அடுத்த நாளுக்கு மாற்றுவார்கள். சிலர் டீசலுக்கென்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். முன்பே சொல்லியிருந்தால் அதையும் நியாயம் என்றே சொல்ல வேண்டும்.

ஆப்பில் அலை ஒரு மீட்டர் என்றுதான் இருக்கிறது. ஏன் கேன்சல் செய்கிறார்கள்?

அதிகம் சண்டை நடப்பது இந்தக் கேள்வியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலாவது, ஆப் காட்டும் உயரம் மிக உயர்ந்த அலையின் உயரமல்ல. அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. ஒரு மீட்டர் என்று காட்டும் நாளில் இடையிடையே இரண்டு மீட்டரை நெருங்கும் அலையும் வரும்.

இரண்டாவது, உயரத்துக்குப் பக்கத்தில் வினாடிக் கணக்கில் இன்னொரு எண் இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. டைவருக்கு உயரத்தைவிட அது முக்கியம். ஆழ்கடலில் அலையின் நீளம், அந்த வினாடியை அதனாலேயே பெருக்கி 1.56 ஆல் மீண்டும் பெருக்கினால் வருவது. 5 வினாடி அலைக்கு 39 மீட்டர் நீளம், 12 வினாடி அலைக்கு 225 மீட்டர். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை இறங்கும். 18 மீட்டர் ஆழத்தில் 5 வினாடி அலையின் அசைவு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். 12 வினாடி அலையின் அசைவோ பாதிக்கும் மேல் அப்படியே இருக்கும். மேலே கண்ணாடிபோல் நீண்டு கிடக்கும் கடலில், அடியில் மூன்றடி முன்னும் மூன்றடி பின்னுமாகத் தூக்கியடிக்கும். மணல் கிளம்பும், பவளத்தில் கால் இடிக்கும்.

குறுகிய வினாடி அலை என்றால் பிரச்சினை மேலே. டைவ் முடிந்து படகேறும் நேரத்தைக் கவனியுங்கள். சிலிண்டர், பிசிடி (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்), ஈயக்கட்டி எல்லாம் சேர்த்து முதுகில் 20 கிலோவுக்கு மேல். படகின் பின்பக்க ஏணி அலையோடு ஒரு மீட்டர் எழும்பி, நீங்கள் கை வைக்கும் அதே இடத்தில் விழும். விரல் நசுங்குவதும் தாடை உடைவதும் இங்கேதான் நடக்கும். காற்று 15 நாட் (knot) வேகத்தைத் தாண்டினால், அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர், கடல் முழுக்க வெண்நுரை பூக்கும். அந்த நுரைக்கு நடுவில் தள்ளிப்போய் மேலே வந்த டைவரின் தலை படகிலிருந்து தெரியாது. ஆரஞ்சு நிற மிதவைக் குழாய்கூட அலைப்பள்ளத்தில் மறையும்.

நீங்களே பார்க்க வேண்டுமானால் விண்டி ஆப்பில் காற்று, காற்றின் உச்ச வேகம், அலை, அலை வினாடி நான்கையும் படகு போகும் நேரத்துக்குப் பாருங்கள். ஆப்பில் உள்ள முன்னறிவிப்பு மாடல்களில் இரண்டை மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பும் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையும் தினமும் வரும். மீனவர் எச்சரிக்கை இருக்கும் நாளில் படகு கேட்டு நிற்காதீர்கள்.

பக்கத்துக் கடை படகு போகிறதே, நம் கடை மட்டும் ஏன் போகவில்லை?

அந்தப் படகு பெரிதாக இருக்கலாம், இரட்டை எஞ்சின் இருக்கலாம், தீவின் மறைவான பக்கத்துக்குப் போகலாம், அல்லது வந்திருப்பவர்கள் எல்லோரும் நூறு டைவ் முடித்தவர்களாக இருக்கலாம். உங்கள் படகில் முதல் முறை இறங்கும் நான்கு பேர் இருந்தால் அவர்களுக்கான அளவுகோல்தான் எல்லோருக்கும். கேன்சல் செய்வதால் கடைக்கு அன்றைய வருமானம் முழுவதும் போகிறது. அதைத் தெரிந்தே வேண்டாம் என்கிறவரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். ரீஃபண்டை வாங்கிக்கொண்டு அன்றைக்கே பக்கத்துக் கடைக்கு ஓடுவது எங்கள் பார்வையில் தவறான முடிவு. அவசரத்தில் யாரும் உங்கள் கார்டையும் லாக்புக்கையும் (டைவ் பதிவேடு) ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள்.

மறுபுறம், கேன்சல் செய்யத் தெரியாத கடையையும் கண்டுபிடிக்கலாம். "எங்க படகு எந்தக் கடலுக்கும் போகும்" என்றால் யோசியுங்கள். ஏறும்போது ஆக்சிஜன் பெட்டி எங்கே, வி.எச்.எஃப் ரேடியோ வேலை செய்கிறதா, டைவுக்கு முன்னும் பின்னும் பெயர் படித்துத் தலை எண்ணுகிறார்களா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் படகைவிட்டு இறங்கிக் கரைக்குத் திரும்பிவிடலாம்.

முதல் டைவ் முடிந்தது, இரண்டாவது கேன்சல். பாதிப் பணம் வருமா?

விதியில் எழுதியிருந்தால் வரும். பாதி என்பது அப்படியே பாதியாக இருக்காது. படகுச் செலவு இரண்டு டைவுக்கும் பொது என்பதால் மூன்றில் ஒரு பங்கு திருப்பித் தருவது வழக்கத்தில் உண்டு. இரண்டு டைவுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,000 முதல் 3,000 வரை கேட்பது நியாயமான வரம்பு. காது அடைத்ததாலோ வாந்தியாலோ நீங்களாக இரண்டாவதை விட்டால் எதுவும் வராது. பணம் போகிறதே என்று தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள்.

சொன்ன இடத்துக்குப் போகாமல் வேறு இடத்தில் இறக்கினார்கள். இது கேன்சல் கணக்கா?

இல்லை. எல்லாச் சென்டர்களும் இடத்தை மாற்றும் உரிமையைத் தங்களிடமே வைத்திருக்கும், அது சரியும்கூட. ஹேவ்லாக்கில் ஜானீஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினகிள் போன்ற தூரத்து இடங்களுக்கு நீரோட்டம் ஒத்துவர வேண்டும். அங்கேதான் போக வேண்டும் என்றால் "அந்த இடம் இல்லையென்றால் வேறு நாளுக்கு மாற்றுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தூரத்து இடத்துக்கென்று கூடுதல் கட்டணம் வாங்கியிருந்தால், அந்தக் கூடுதலை மட்டும் கண்டிப்பாகத் திரும்பக் கேளுங்கள்.

ஆள் சேரவில்லை என்று கேன்சல் செய்தால்?

அது கடையின் கேன்சல். முழுப் பணமும் உங்களுக்குச் சேர வேண்டும். எஞ்சின் பழுதும் அப்படியே. சீசன் இல்லாத மாதத்தில் தனியாகப் போகிறவர்கள் வார நாளைவிட சனி, ஞாயிறைத் தேர்ந்தால் ஆள் சேரும் வாய்ப்பு அதிகம். புதுச்சேரிக்கு இது நன்றாகவே பொருந்தும்.

எனக்குச் சளி பிடித்துவிட்டது. அட்வான்ஸ் போய்விடுமா?

பெரும்பாலான விதிகளில் 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் தேதி மாற்றலாம், அதற்குள் என்றால் பணம் போகும். தொண்டை கரகரக்கத் தொடங்கிய அன்றே சொல்லிவிடுங்கள். காலை ஆறு மணிக்குச் சொல்வதைவிட முந்தைய நாள் மதியம் சொன்னால் அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைப்பார், கடையும் இறங்கி வரும். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது ஆபத்து. ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால் காதிலும் சைனஸிலும் விரியும் காற்று வெளியேற வழியின்றி அடைபடும்.

மெடிக்கல் படிவத்தால் படகடியில் நிறுத்திவிட்டார்கள். பணம்?

பெரும்பாலும் வராது. படிவத்தின் முதல் பக்கத்தில் 10 கேள்விகள். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு "ஆம்" வந்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். தீவில் அந்தக் கையெழுத்துக்கு டாக்டரைத் தேடி அலைய முடியாது. புக் செய்த அன்றே படிவத்தை அனுப்பச் சொல்லி, ஊரிலேயே கையெழுத்து வாங்குங்கள். "இல்லை" என்று பொய் எழுதிவிடலாம் என்று சொல்லித் தரும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஃபெர்ரி ரத்தானதால் தீவுக்கே போக முடியவில்லை. டைவ் கடை பணம் தருமா?

சட்டப்படி தர வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இருக்காது. கடை திறந்திருந்தது, நீங்கள் வரவில்லை என்றே கணக்கு. ஆனாலும் ஃபெர்ரி ரத்து மெசேஜை உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் தேதி மாற்றித் தருவார்கள். ஃபெர்ரி ஓடாத கடலில் அவர்கள் படகும் ஓடியிருக்காது. திரும்பும்போது ஃபெர்ரியும் விமானமும் ஒரே நாளில் வேண்டாம். கடைசி இரவு போர்ட் பிளேரில் (2024 முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தங்குங்கள். 18 மணி நேரக் கணக்கும் அதிலேயே முடிந்துவிடும்.

டிராவல் இன்சூரன்ஸ் இதற்கு உதவுமா?

இரண்டு வேறு விஷயங்கள் குழம்புகின்றன. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்றவை தரும் டைவ் இன்சூரன்ஸ் முக்கியமாக விபத்துக்கும் அழுத்த அறைச் சிகிச்சைக்கும். அன்றைய படகு கேன்சலானதற்கு அது பணம் தராது. சாதாரண டிராவல் பாலிசி விமான ரத்துக்குத் தரும். ஆனால் பல பாலிசிகளில் ஸ்கூபா விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது 30 மீட்டர் வரை மட்டும் என்றிருக்கும். பாலிசி வாசகத்தில் "சாகச விளையாட்டு" பகுதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ரீஃபண்ட் தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வது?

முதலில் எழுத்தில் கேளுங்கள்: தேதி, தொகை, யார் கேன்சல் செய்தார்கள், அவர்கள் விதியில் எந்த வரி என்று நான்கே வரி. ஏழு நாள் கொடுங்கள். வரவில்லையென்றால் கார்டில் கட்டியவர்கள் வங்கியில் சார்ஜ்பேக் கேட்கலாம், அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் பதிவானதுமே பல கடைகள் பேச வந்துவிடும். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கடை அந்தமானில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் எண் 1977.

ஏஜென்ட் வழியாக புக் செய்திருந்தால் பணம் யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். டைவ் கடை "எங்களுக்கு வரவே இல்லை" என்று சொல்வது பல நேரம் உண்மையாகவே இருக்கும்.

கப்பல் சிதைவு டைவுக்கு விதி வேறா?

ஆழம் குறைந்தவற்றுக்கு அதே விதிதான். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் எச்.எம்.எஸ். ஹெர்ம்ஸ் போன்றவற்றுக்கு வேறு. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, டெக்னிக்கல் பயிற்சி (சாதாரண டைவ் வரம்பைத் தாண்டிய ஆழத்துக்கானது) இல்லாமல் அங்கே புக் செய்யவே கூடாது. அந்த டைவுக்கு ஹீலியம் கலந்த வாயுவை முந்தைய நாளே சிலிண்டரில் நிரப்புவார்கள். ஹீலியம் விலை மிக அதிகம். படகு கேன்சலானால் படகுக் கட்டணம் திரும்பும், வாயுவுக்கான பணம் திரும்பாது. நிரப்பிய சிலிண்டரை உங்கள் பெயரில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். மறுநாள் போக முடிந்தால் அதே கலவையைத் திரும்ப அளந்து பார்த்து, லேபிளில் தேதியை மாற்றி நீங்களே கையெழுத்திட்டுப் பயன்படுத்தலாம்.